அடுத்த துறைமுகத்தில் மாமி வருவா

1

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு முதலில் காம்பிங் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். சொந்த வீடும் கட்டிலும் குளியலறையும் உள்ளவர்கள், வருசத்தில் இரண்டு கிழமை காசு கட்டி, ஒரு புல்வெளியில் துணிக்கூடாரம் அடித்து, குளிப்பதற்குத் துவாயோடு வரிசையில் நிற்பதுதான் காம்பிங். இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழ் கிடந்த காலத்தில் நாங்கள் இதைச் சும்மா செய்தோம். அப்போது யாரும் அதை விடுமுறை என்று சொல்லவில்லை.

போன சனிக்கிழமை மகள் அபி வந்தாள். கலியாணம் முடிந்து இரண்டு மாதம். கனடாவில், ஸ்காபரோவின் ரூஜ் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் வராமல் நேரே கராஜுக்குள் போனாள்.

"மொம், அந்த டென்ற் எங்கை?"

பின்னால் மருமகன் நிரோஷன் நின்றான். மாமியார் வீட்டில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இன்னும் பிடிபடாத பிள்ளை. கைகளைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டென்ற், பனி தள்ளுகிற சவளுக்கும் பழைய அரிசிச் சாக்குகளுக்கும் நடுவில் கிடந்தது. பச்சை நிறம், நாலு பேர் படுக்கலாம். போன ஜூலையில் டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்த பிறகு ஒருநாளும் நாங்கள் அதை விரிக்கவில்லை. அபி உறையை அவிழ்த்தாள். உப்புக்காற்றும் ஈரப்புல்லும் மணத்தன. அவள் மூக்கை உள்ளே விட்டு மணந்து, "ஓ மை கோட், இட் ஸ்டில் ஸ்மெல்ஸ் லைக் டென்மார்க்!" என்று சிரித்தாள்.

நான் தள்ளிப்போய் நின்றேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். ஜூலை, ஆகஸ்ட் எனக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. போன வருசம் அபிக்குக் கலியாணம் பேசி முடித்து, அடுத்த மே மாதத்துக்குக் கலியாண ஹோல் எடுத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒஷாவாவில் இருக்கிறார்கள். நல்ல மனிசர். ஆனால் சம்பந்தியம்மாவுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். பேசி முடித்த அன்றைக்கே கேட்டா.

"பொம்பிளையின்ரை தாய்மாமன் ஆர்? எங்கை இருக்கிறார்?"

"டென்மார்க்கிலை. என்ரை ஒரே தம்பி," என்றேன். "ரெண்டு பேருமா வந்து எல்லாம் செய்வினம்."

"அது நல்லது. எங்கட பக்கத்திலை கனபேர் பாத்துக்கொண்டிருப்பினம்."

'ரெண்டு பேருமா' என்பதை என் வாயாலேயே சொன்னேன். அப்படிச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேறு பக்கத்தார் வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும். கலியாண நாள் காலையில் பொம்பிளைக்குப் பாலறுகு வைக்கும்போது, அதாவது பாலும் அறுகம்புல்லும் தலையில் வைத்து முழுக வார்க்கும்போது, முதல் தேங்காயை உடைப்பது தாய்மாமன். அவர் தனியாக வருவதில்லை. பக்கத்தில் மாமி நிற்க வேண்டும், கழுத்தில் தாலியோடு. மனிசி செத்தவர், மனிசி விட்டிட்டுப் போனவர் எல்லாம் தாங்களாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். இது எங்கும் எழுதப்படவில்லை. எழுதாததால்தான் மாற்றவும் முடிவதில்லை.

நாள் வைத்தவுடன் முதல் வெற்றிலை தாய்மாமனுக்குத்தான். அதுவும் போனில் சரிவராது. நானும் என்ரை மனுசன் இவரும் போய், அவர்கள் இரண்டு பேரும் நிற்க, தட்டத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். தம்பி குகனுக்கு போன் எடுத்தேன்.

"வாங்கோ அக்கா," என்றான். "ஆனா வீட்டை வேண்டாம். வீட்டிலை என்ன கிடக்கு? நேரை தீவுகளுக்குப் போவம். என்னட்டை காறவன் இருக்கு, டென்ற் இருக்கு. ஆறுதலா, ஒரு அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு துறைமுகமாப் பாத்துக்கொண்டு போவம்."

எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் சனம் விடுமுறைக்கு இடம் பார்க்கப் போவதில்லை, ஆட்களைப் பார்க்கத்தான் போகிறது. லண்டனுக்குப் போனால் லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் சோபாவில் இருந்துவிட்டு, அவ கட்டித்தந்த பருத்தித்துறை வடையோடு திரும்பி வருவோம். வீடு இருக்கும்போது என்னத்துக்குக் கூடாரம்? ஆனாலும் அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. சரியென்றேன்.

ஸ்காபரோ தமிழ்க் கடையில் ஒரு கட்டு வெற்றிலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, அதை என் தம்பி மனிசி சாந்தினிக்கு எடுத்த காஞ்சிபுரச் சீலைக்குள் ஒளித்தேன். தம்பிக்கு வேட்டி. ஒரு பித்தளைத் தட்டம். சோறு அவிக்கிற குக்கர். மிளகாய்த்தூள் இரண்டு போத்தல். டென்மார்க் விமான நிலையத்தில், இலைதழை கொண்டுபோகக்கூடாது என்று எழுதிய பலகைக்குக் கீழாலேயே, அறிவிக்க ஒன்றுமில்லாதவர்கள் போகிற பச்சை வழியால், மூத்தபிள்ளையாரை நினைத்துக்கொண்டு நடந்துபோனேன். இவரும் அபியும் எனக்குத் தூரமாக, என்னைத் தெரியாத ஆட்களைப் போல வந்தார்கள்.

3

குகனை நான் அதற்கு முதல் கடைசியாகக் கண்டது அம்மாவின் செத்தவீட்டில். எங்கள் இரண்டு பேரையும் பிரித்தது, சண்டைக் காலத்தில் காசு வாங்கி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன். அவனிடம் அந்த மாதம் என்ன வழி இருந்ததோ அந்த வழியால் ஆளை ஏற்றினான். எனக்குக் கனடா வாய்த்தது. முதலில் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி. தம்பிக்கு டென்மார்க். யூலான்டில், ஆறு மாதம் இருட்டுகிற ஒரு சிறிய ஊர். அங்கே மீன் பதனிடுகிற இடத்தில் தொடங்கி, காற்றாலைக்கு இறக்கை செய்கிற இடத்தில் வந்து நின்றான்.

விமான நிலையத்தில் எங்களைக் கட்டிப்பிடித்தான். மெலிந்திருந்தான். வயதுக்கு மேல் தலை நரைத்திருந்தது.

"சாந்தினி எங்கை?"

"வேலை அக்கா. ஃபோபோர் துறைமுகத்திலை வந்து எங்களோடை சேருவா."

நான் ஏதாவது சொன்னால் 'ஓம்' என்பதற்குப் பதிலாக வாயால் சடக்கென்று காற்றை உள்ளே இழுத்தான். முதலில் மூச்சு முட்டுகிற தொய்வு வருத்தம் என்று பயந்துபோனேன். அந்த நாட்டுச் சனம் அப்படித்தான் ஓம் சொல்லுமாம். அபி உடனே பழகிவிட்டாள். மாமனும் மருமகளும் இங்கிலிசில் கதைத்து, இடையிடையே காற்றை இழுத்து, தங்களுக்குள் சிரித்தார்கள்.

அவன் ஓட்டிவந்த வானுக்குப் பின்னால் கொளுவிய வெள்ளைக் காறவன், சில்லு வைத்த ஒரு சின்ன வீடு. உள்ளே கதவைத் திறந்து பார்த்து அதிசயப்பட்டேன். இரண்டு கிழமைப் பயணத்துக்கு இவ்வளவு சாமானா? குளிர் ஜாக்கெட் தொங்கியது. கறிச்சட்டி மூன்று. பிட்டுக்குழல். சாமிப்படங்களை ஆடாமல் இருக்கச் சுவரில் ஆணியால் அறைந்து, கீழே ஒரு சின்னத் தட்டில் திருநீறு வைத்திருந்தான். டென்மார்க்காரர் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள், என்ரை தம்பியும் அப்படி ஆகிவிட்டான் என்று பெருமைப்பட்டேன்.

நான் பஸ் ஓட்டுகிறவள். தலைக்கு மேல் இருக்கிற கண்ணாடியில் எழுபது பிள்ளைகளின் களவையும் பிடிக்கிறவள். எந்தப் பிள்ளை யன்னலால் கையை நீட்டுகிறது, எது அழப்போகிறது, எது இன்னொன்றின் சாப்பாட்டைப் பறித்தது என்று திரும்பிப் பாராமலே சொல்லுவேன். அந்தக் காறவனில் ஒரு மனிசன் குடியிருக்கிறான் என்பது எனக்கு விளங்கவில்லை.

4

ஃபோபோர் அழகான ஊர்தான். பழைய மணிக்கூண்டு, மஞ்சள் வீடுகள், துறைமுகத்தில் பாய்மரப் படகுகள். காம்பிங் இடத்தில் வரவேற்பறைப் பெண் எங்கள் நாலு பேரின் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு, முடிவில் தோற்றுப்போய், குகனின் பெயரை மட்டும் எழுதினாள். நாளைக் காலைச் சாப்பாட்டுக்கு எத்தனை பாண் வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எங்கே கார் நிறுத்துவது, எந்தக் குப்பையை எந்த வாளியில் போடுவது என்று எல்லாவற்றுக்கும் விதி. ஆனால் மற்ற மனிசரைப் பார்த்து ஒரு சொல் பேச வேண்டும் என்று மட்டும் விதியில்லை. பக்கத்துக் கூடாரக்காரர் நாள் முழுக்கக் கதிரை போட்டுக் கடலைப் பார்த்தார்கள். நாங்கள் சோறு அவித்து, கருவாடு பொரித்தோம். அவர்கள் மெல்ல எழும்பிக் கதிரையைத் தள்ளிப் போட்டார்கள்.

அன்றைக்குச் சாந்தினி வரவில்லை.

"அவவுக்கு ஷிஃப்ட் மாத்திப்போட்டினம் அக்கா. ஏரோவுக்கு வருவா."

ஏரோ என்பது தீவு. கப்பலில் ஒரு மணித்தியாலம். மேல்தட்டில் நின்றபோது கடல் கண்ணாடியாகக் கிடந்தது. தீவுகள் தட்டையாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஊரில் தீவுக்குப் போகும்போது நேவிக்காரன் செய்த மாதிரி, இந்தக் கப்பலில் யாரும் எங்களை இறக்கிப் பையைச் சோதிக்கவில்லை. பெயர் கேட்கவில்லை. ஒரு கிழவர் எங்களுக்கு இருக்க இடம் விட்டார். பிறகு ஏனோ எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தச் சனத்துக்கு இவ்வளவு அமைதியை யார் கொடுத்தது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போனது என்று கோபம்.

ஒவ்வொரு பின்னேரமும் தட்டத்தை எடுத்து, வெற்றிலையை ஒவ்வொன்றாகக் கழுவி, துணியை நனைத்துச் சுற்றி, காறவன் ஃபிரிட்ஜில் வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் பேசமாட்டார். எங்கட மனுசன் இயல்பாகவே வாய் திறவாதவர் என்பதால் நான் அதைக் கணக்கெடுக்கவில்லை.

அந்தத் தீவின் ஏரோஸ்கோபிங் ஊரில் வீடுகள் பொம்மை வீடுகளைப் போலக் குனிந்து நின்றன. சுவரோடு சுவராக உயரமான பூச்செடிகள். யன்னல்களில் பீங்கான் நாய்கள் சோடி சோடியாக இருந்தன. புருசன் கப்பலில் போயிருந்தால் மனிசி நாய்களைத் தெருவைப் பார்க்க வைப்பாளாம். ஆள் வீட்டுக்கு வந்துவிட்டால் உட்பக்கம் திருப்பிவிடுவாளாம். குகன்தான் சொன்னான்.

"அப்ப உன்ரை மனிசியின்ரை நாய் எந்தப் பக்கம் பாக்குது?" என்று பகிடி விட்டேன். "மனிசியெல்லோ வராமல் நிக்கிறா."

குகன் சிரித்தான். அபி நிலத்தைப் பார்த்தாள். இவர் சடக்கென்று, "ஐஸ்கிறீம் குடிப்பமே?" என்றார். இனிப்பு வருத்தக்காரர். நான் அதற்குத்தான் ஏசினேன்.

அந்தத் தீவுக்குச் சனம் கலியாணம் கட்ட வருகிறதாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வரலாம். சதுக்கத்தில் ஒரு சோடி வெளியே வந்தது. பெட்டை வெள்ளைச் சட்டை, கையில் தெருவோரப் பூ. சாட்சி, அந்தக் கலியாணப் பதிவுக் கந்தோரில் வேலை செய்கிற இரண்டு பேர். கால்மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.

"ஸோ பியூட்டிஃபுல்," என்றாள் அபி.

"தாயில்லை, தகப்பனில்லை, மாமனில்லை. என்ன பியூட்டிஃபுல்?"

"நானூறு பேரும் இல்லை, மொம்," என்றாள். குகன் காற்றை உள்ளே இழுத்தான்.

அடுத்தநாளும் மாமி வரவில்லை. மார்ஸ்டலுக்கு வருவா என்றான். அது தீவின் மற்ற முனை.

5

மார்ஸ்டலில் வெற்றிலையின் ஓரம் கறுத்துவிட்டது.

அவர்கள் மூன்று பேரும் நீந்தப் போனார்கள். நான் துறைமுகத்து நீட்டு மர வாங்கில் இருந்தேன். கொடிக்கம்பக் கயிறுகள் காற்றில் டிங் டிங் என்று அடித்துக்கொண்டிருந்தன. சாந்தினி இரவு வேலை செய்கிறவள், பகலில் எழுப்பாதைங்கோ என்று தம்பி சொல்லியிருந்தான். எவ்வளவு நாளைக்குத்தான் எழுப்பாமல் விடுவது? போன் எடுத்தேன்.

"ஹலோ மச்சாள்! எப்பிடி இருக்கிறியள்? வந்திருக்கிறியளாம், அபி சொன்னவ."

"சாந்தினி, நீ எப்ப வாறாய்? இந்தா அந்தா எண்டு வழி பாத்துக்கொண்டிருக்கிறம். வெத்திலை அழுகுது."

போனுக்குள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எங்கை வாறது மச்சாள்?"

"மார்ஸ்டலுக்கு. குகன் சொன்னான்."

"அவர் உங்களுக்கு இன்னும் சொல்லேல்லையே?" என்றாள். குரல் தளர்ந்துவிட்டது. "நாங்கள் பிரிஞ்சு ரெண்டு வருசம் மச்சாள். சண்டை சச்சரவு ஒண்டுமில்லை. எல்லாம் எழுதி முடிஞ்சுது. அக்காவுக்கு நான் நேரை சொல்லுறன், நீர் ஒண்டும் சொல்லிப்போடாதையும் எண்டு கேட்டவர். அதுதான்."

"போன பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பினியே!"

"நீங்கள் அனுப்பினீங்கள், நான் பதில் அனுப்பினன். உங்களோடை எனக்கென்ன கோவம்?"

நான் போனைக் கட் பண்ணிவிட்டேன். அவளை ஏசவாவது ஒரு காரணம் தந்திருக்கலாம்.

அந்த நாட்டில் பிரிவதற்குக் கோட்டு வழக்கென்று போகத் தேவையில்லையாம். இரண்டு பேருக்கும் சம்மதமென்றால் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் போட்டால் காணும். ஐயர் ஓமம் வளர்த்து, ஊரைக் கூட்டிச் சாட்சி வைத்து முடிந்த முடிச்சு, தேத்தண்ணி ஆறுவதற்குள் அவிழ்ந்துபோயிற்று. இதற்குப் பெயர் முன்னேறிய நாடு.

குகன் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சாந்தினியோடை கதைச்சனான்," என்றேன்.

அப்படியே வாங்கில் இருந்துவிட்டான். தண்ணீர் அவன் முழங்காலால் வடிந்து கல்லில் தேங்கியது.

"சொல்லத்தான் அக்கா கூட்டியந்தனான். முதல் நாளே சொல்லுவம் எண்டு நினைச்சன். நீங்கள் பெட்டியைத் திறந்து, தட்டத்தை எடுத்து, சீலையைக் காட்டினியள். வாய் வரேல்லை. சரி, அடுத்த தீவிலை சொல்லுவம் எண்டு விட்டன். பிறகு அதுக்கு அடுத்த தீவிலை."

"வீடு?"

"வித்துப் பிரிச்சாச்சு. மகன் கொப்பன்ஹேகனிலை படிக்கிறான், அவனுக்கு அவன்ரை அறை. நான் உதுக்குள்ளைதான் இருக்கிறன்." காறவன் நின்ற பக்கம் கையைக் காட்டினான்.

குளிர் ஜாக்கெட். பிட்டுக்குழல். ஆணி அறைந்த சாமிப்படம்.

நான் திரும்பினேன். இவர் ஈரக் காற்சட்டையோடு நின்றார். முகத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

"உங்களுக்கும் தெரியும்."

"போன டிசம்பர் நத்தாருக்கு முதல் சொன்னவன்," என்றார். "இஞ்சரும், நீர் தாங்கமாட்டீர் எண்டு..."

"மொம், எல்லாருக்கும் தெரியும்," என்றாள் அபி. "சாந்தினி மாமி எனக்கு எவ்ரி வீக் மெசேஜ் பண்ணுவா. நீங்கதான் லாஸ்ட். ஏனெண்டு யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். என்னை என் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். நாட்டுக்காரன் நிறுத்தினால் வழக்குப் போடலாம். பெற்ற பிள்ளை நிறுத்தினால் எங்கே போவது?

6

அடுத்த கப்பல் லாங்கலான்டுக்கு. நீளமான தீவு, கோதுமை வயல், காற்று. தெருவோரத்தில் ஆளில்லாத மேசையில் உருளைக்கிழங்கும் ஸ்ட்ரோபெரியும் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். யாரும் களவெடுப்பதில்லையாம். சொந்த அக்காளிடம் உண்மை சொல்லப் பயப்படுகிற நாட்டில் கிழங்குக்குக் காவல் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. டென்றுக்குள் படுத்திருந்து அதன் துணி காற்றில் அடிப்பதைக் கேட்டேன். கோபம் எல்லாம் தம்பி தனித்துப்போனதற்காக என்று நீங்கள் நினைக்கக்கூடாது. பொய் சொல்ல விரும்பவில்லை. சம்பந்தியம்மாவின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. ரெண்டு பேருமா வந்து எல்லாம் செய்வினம்.

கடைசிப் பின்னேரம் காம்பிங்கின் பொதுக் குசினியில் குகன் சட்டி கழுவிக்கொண்டு நின்றான். வெளியில் வெய்யில் இன்னும் விழவில்லை. நான் பக்கத்தில் போய்த் துடைக்கிற துணியை எடுத்தேன்.

"குகன், ஒரு அலுவல் கேக்கிறன். சாந்தினியோடை உனக்குச் சண்டை இல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு பேருமா வாங்கோ. டிக்கெட்டை நாங்கள் போடுறம். காலமை பாலறுகுக்கு நிண்டு தேங்காயை உடைச்சிட்டு, பின்னேரம் ஒரு படத்துக்கு நிண்டால் காணும். அதுக்குப் பிறகு ஆர் கேக்கப்போகினம்? கனடாவிலை ஆருக்குத் தெரியும்?"

அவன் தண்ணீரை நிறுத்தினான். காற்றை உள்ளே இழுத்தான். அது ஓமோ, பெருமூச்சோ.

"அக்கா, நான் வாறன்," என்றான். "தனிய வாறன். தேங்காய் உடைக்க ஒரு ஆள் காணும்."

"நானூறு பேர் இருப்பினம் குகன். முன்னுக்கு நீ தனிய நிண்டால் என்ன கதைப்பினம்?"

"கதைக்கட்டும்."

"உனக்கென்ன, நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். நானெல்லோ அந்தச் சனத்துக்குள்ளை இருக்கிறன்."

அவன் என்னைப் பார்த்தான். அம்மாவின் கண் அப்படியே. கோபமில்லாத பார்வை என்பதால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

"ரெண்டு வருசமா இந்தப் பெட்டிக்குள்ளை இருக்கிறன். எப்பிடிச் சமைக்கிறாய், எப்பிடிப் படுக்கிறாய் எண்டு நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை கேக்கேல்லை அக்கா," என்றான்.

பதில் இருந்தது. நிறையவே இருந்தது. நீ சொன்னால்தானே கேட்பேன், மறைத்தவன் நீ, என்னைத் தீவு தீவாக இழுத்தவன் நீ. ஒன்றையும் சொல்லாமல் சட்டியைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். தட்டத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். வெற்றிலை குழகுழத்துப் போயிருந்தது. குப்பை வாளிகள் வரிசையாக நின்றன, இலைகுழைக்கு ஒன்று தனியாக. விதிப்படி அதற்குள் போட்டேன். சீலையையும் வேட்டியையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

நீங்களே சொல்லுங்கோ, நான் கேட்டது அவ்வளவு பெரிய பிழையா? எங்கள் சனத்தில் எத்தனை சோடி ஒரு வீட்டில் இரண்டு அறையில் இருந்துகொண்டு மேடையில் சிரித்தபடி நிற்கிறது. அதற்கெல்லாம் ஒருவரும் டிக்கெட் போடவில்லை.

காலையில் குகன் டென்றைத் துடைத்து, அளவாக மடித்து, உறைக்குள் போட்டு இவரிடம் கொடுத்தான். "கொண்டுபோங்கோ அத்தான். எனக்குக் காறவன் காணும். அங்கையும் நல்ல காம்பிங் இடங்கள் இருக்காம்." எனக்கு அவன் ஒன்றும் தரவில்லை. விமான நிலையத்தில் கையை மட்டும் பிடித்தான்.

7

மே மாதம் கலியாணம் சிறப்பாக நடந்தது. குகனை நான் திரும்பக் கேட்கவில்லை, அவனும் வரவில்லை. பாலறுகுக்கு இவரின் ஒன்றுவிட்ட அண்ணரும் மனிசியும் நின்றார்கள். அவர் தேங்காயை உடைத்தபோது இரண்டு பாதியும் சரிசமனாக வந்தன. நல்ல சகுனமென்று எல்லோரும் கைதட்டினார்கள். சம்பந்தியம்மா கேட்டா.

"தாய்மாமன் வரேல்லையே?"

"லீவு கிடைக்கேல்லை. ரெண்டு பேருக்கும் வேலை அப்பிடி."

"பாவங்கள்," என்றா.

பிறகு வீடியோ வந்தது. பாலறுகுக் கட்டத்தில் ஓரமாகத் தோழிப்பெட்டை ஒருத்தி போனை மேடைப்பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன். போனுக்குள் ஒரு சின்ன வெளிச்சம், வெள்ளைச் சுவர், ஆணி அறைந்த சாமிப்படம். முன்னால் ஒரு ஆள். சட்டையில்லாமல், சால்வையோடு, வேட்டி கட்டிக்கொண்டு, எழும்பி நிற்கிறான். காறவனின் கூரைக்குத் தலை இடிக்கும் என்று கழுத்தைக் குனிந்திருக்கிறான்.

நான் வாங்கின வேட்டி அப்போது இங்கே என் பெட்டிக்குள்தான் கிடந்தது.

இவர் வந்து பின்னால் நின்று பார்த்தார். நான் ரிமோட்டை அமர்த்தி அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

8

போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

டென்றைக் காருக்குள் ஏற்றிவிட்டு அபி சொன்னாள்.

"மொம், நாங்க டென்மார்க் போறம். குகன் மாமா விருந்துக்குக் கூப்பிட்டவர். காறவன் சின்னன், நாங்க டென்ற்ல படுப்பம். நியூலி மரீட் கபிள் மாமா வீட்டை ஃபர்ஸ்ட் சாப்பிடணுமாம்? அப்பிடித்தானே எங்கட கஸ்டம்?"

தேவாரம் நாலு வரி ஒழுங்காகச் சொல்லத் தெரியாத பிள்ளை எனக்குச் சம்பிரதாயம் சொல்லித் தருகிறாள்.

"ஓம். அப்பிடித்தான்," என்றேன். "நான் வேண்டாமே?"

"உங்களுக்குக் காம்பிங் பிடிக்காதே, மொம்."

பிறகு கொஞ்சம் தயங்கி, "அந்தத் தட்டம் இருக்கா? வித் த வேட்டி?" என்று கேட்டாள்.

மேலே போய் எடுத்துக்கொண்டுவந்து கொடுத்தேன். வேட்டியைக் கொடுத்தேன், தட்டத்தைக் கொடுத்தேன். சீலையைக் கொடுக்கவில்லை. அதை யாரிடம் கொடுப்பது? நிரோஷன் இரண்டு கையாலும் பவ்வியமாக வாங்கினான். "தாங்க்ஸ் அன்ரி," என்றான். மாமி என்று சொல்லப் பழகவில்லை.

அவர்கள் போய் ஒரு மணித்தியாலம் இருக்காது, ஒஷாவாவிலிருந்து சம்பந்தியம்மாவின் போன் வந்தது.

"பிள்ளையள் தாய்மாமன் வீட்டை விருந்துக்குப் போகினமாம். நல்ல விசயம். மாமி நல்லாச் சமைப்பாவோ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். நிரோஷனுக்கு எல்லாம் தெரியும். தாயிடம் சொல்லாமலா இருந்திருப்பான்? அவவுக்கும் தெரிந்து, தெரியாத மாதிரிக் கேட்கிறாவோ? இந்தத் தரமும் நான்தான் கடைசி ஆளோ? போனுக்குள் முகம் தெரிவதில்லை.

"ஓம் ஓம், நல்லாச் சமைப்பா," என்றேன். "நண்டுக் கறி வைச்சாவெண்டால் கை மணம் போகாது."

"அப்ப ஒருக்கா இஞ்சையும் கூப்பிடுங்கோவன். ரெண்டு பேரையும் பாக்க ஆசையாக் கிடக்கு."

கராஜுக்குள் இவர் கூட்டிக்கொண்டு நின்றார். டென்றிலிருந்து கொட்டின காய்ந்த புல்லும் மணலும். தும்புத்தடிச் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"இந்த சம்மருக்கு வேலையாம்," என்றேன். "அடுத்த சம்மருக்குக் கட்டாயம் வருவா."